குட்டிப் பச்சோந்தி பகலிலேயே கண்ணை மூடுகிறது, கூண்டில் எங்கே தப்பு?

இலைமறைகாய்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று மாத ஏமன் பச்சோந்திக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது. வெய்ல்டு என்பார்களே, தலையில் கொண்டை வளருமே, அந்த வகை. பெயர் ராஜா. வளர்ப்பில் பிறந்த குட்டிதான், அதற்கான தாள்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

முதல் மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டான். இப்போது நாளுக்கு இரண்டு பூச்சி, மிஞ்சிப்போனால் மூன்று. நேற்று மதியம் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே கிளையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டியதும் திறந்தான்.

என் ஏற்பாடு: 60 x 45 x 45 செ.மீ. கண்ணாடித் தொட்டி, முன்பு மீன் வளர்த்தது. மேலே வலை மூடி. அடியில் தேங்காய் நார்த்தூள். 100 வாட் வெப்ப பல்பு ஒன்று, சுருள் வகை யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு ஒன்று, இரவுக்குச் சிவப்பு பல்பு ஒன்று. தண்ணீர்க் கிண்ணம், பிளாஸ்டிக் கொடி, ஒரு கிளை. சுவரில் ஒட்டும் வட்ட மீட்டர்கள் வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று காட்டுகின்றன. விற்றவர் ஒரு வருஷத்துக்கு இதுவே தாராளம் என்றார்.

படம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து திட்டாமல் சொல்லுங்கள்.

கிளைதாவி

திட்டவில்லை தம்பி. என் முதல் குட்டியும் மீன் தொட்டியில்தான் இருந்தது, அதன் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

பகலில் கண்ணை மூடுவதைத் தூக்கம் என்று நினைக்காதீர்கள். நலமாக இருக்கும் பச்சோந்தி விளக்கு எரியும்வரை கண்ணை மூடாது, ஒரு கண்ணாவது எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கும். மூடுகிறது என்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது கண்ணில் தொந்தரவு, அல்லது உள்ளே நோய். அதனால் முதல் வேலை ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குவது. போகும்போது புதிதாகப் போட்ட எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அதுவரை இன்று இரவே செய்யக்கூடியவை இருக்கின்றன. சிவப்பு பல்பைக் கழற்றி விடுங்கள். அந்த வெளிச்சம் அதற்குத் தெரியாது என்பது தப்பு, தெரியும். இரவு முழு இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். வீட்டுக்குள் 18 டிகிரி வரை இறங்கினாலும் ஏமன் குட்டிக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது மீட்டர். சுவரில் ஒட்டிய மீட்டர் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஒயர் முனையில் சென்சார் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று எடுத்து, சென்சாரை அவன் வெயில் காயும் கிளையிலேயே, அவன் முதுகு வரும் உயரத்தில் கட்டி, ஒரு மணி நேரம் கழித்து எண்ணைச் சொல்லுங்கள். 45 செ.மீ. உயரத் தொட்டிக்கு 100 வாட் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தூறல்

கிளைதாவி சொன்னதோடு ஒன்று. அந்தக் கிண்ணத்தை எடுத்து விடுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்வதில்லை. இலையில் நிற்கும் துளி, வழியும் துளி, அதை நக்கித்தான் குடிக்கும். கிண்ணத்தில் எச்சம் விழும், பூச்சி விழும், கிருமி வளரும், அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் கோபுரம், அதாவது கண்ணை மூடியிருக்கும் கூம்பு, லேசாக உள்வாங்கிய மாதிரி தெரிகிறது. எச்சத்தோடு வரும் யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்ப் பகுதி, என்ன நிறம்? வெள்ளையாக இருந்தால் சரி. நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் கவலை இல்லை. முழுக்க ஆரஞ்சு என்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

காலையில் விளக்கு போடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம், விளக்கு அணைந்த பிறகு இரண்டு நிமிடம், கொடியிலும் இலைகளிலும் மெல்லிய பனி மாதிரி தெளியுங்கள். முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். பகலில் ஒரு தடவை சொட்டு நீர். அடியில் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளரை வலை மூடியின்மேல் வைத்தால்கூடப் போதும், இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு. சொட்டு ஓர் இலையில் விழுந்து அடுத்த இலைக்கு வழிகிற இடமாகப் பார்த்து வையுங்கள். கீழே ஒரு தட்டு வைக்க மறந்தால் நார்த்தூள் சேறாகிவிடும்.

ஓரமாய்நிற்பவன்

சும்மா கேட்கிறேன், தனியாக இருப்பதால் ஏங்கிப் போயிருக்குமோ? இன்னொரு குட்டி துணைக்கு விட்டால் சாப்பிடுமே?

கிளைதாவி

வேண்டவே வேண்டாம். பச்சோந்திக்குத் துணை என்றால் போட்டி. ஒரே முட்டைக் கூட்டில் பொரித்தவைகூட இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒன்றையொன்று மிரட்ட ஆரம்பித்துவிடும். அடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இல்லை. பெரியது நல்ல கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், சின்னது சாப்பிடுவதை நிறுத்திவிடும். நமக்கு "இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன" என்று தோன்றும்.

இன்னும் சொல்லப்போனால் தம்பியின் தொட்டியிலேயே இரண்டு பச்சோந்தி இருக்கின்றன. கண்ணாடியில் தெரியும் ராஜாவின் நிழல்தான் இன்னொன்று. விளக்கு உள்ளே எரிந்து அறை மங்கலாக இருக்கும் நேரத்தில் பாருங்கள், அவன் எந்தப் பக்கத்தைப் பார்த்து உடம்பைத் தட்டையாக்குகிறான் என்று.

இலைமறைகாய்

எண்ணைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

தையல் நூலால் சென்சாரைக் கிளையில் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். 29. அப்புறம் 31. தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் 35. ஒரு மணி நேரம் ஆனபோது 38.6. சுவர் மீட்டர் அப்போதும் 28தான் காட்டியது, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. புறங்கையை அந்த இடத்தில் நீட்டிப் பார்த்தேன், அரை நிமிடம் தாங்கவில்லை. ஒன்பது நாளாக அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான், ஏனென்றால் உட்கார வேறு கிளையே நான் வைக்கவில்லை.

பல்பை 40 வாட்டாக மாற்றி, கிளையையும் இறக்கிக் கட்டிவிட்டேன். இப்போது 28.5. யூரேட் ஆரஞ்சுதான் அக்கா. மருத்துவர் இன்று பார்த்தார். நீர் குறைவு என்றார், வாயில் சொட்டு மருந்து மாதிரி நீர்க் கரைசல் கொடுத்தார். எச்சத்தில் புழுவோ முட்டையோ இல்லை. தாடை உறுதியாக இருக்கிறது, எலும்பு இன்னும் கெடவில்லை, ஆனால் யூவிபி விளக்கை உடனே மாற்றுங்கள் என்றார். கொண்டையில் தீக்காயமும் இல்லை. தப்பித்தோம்.

நீங்கள் சொன்ன அந்தக் கண்ணாடி நிழல், பார்த்தேன். வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஊதிக்கொண்டு நிற்கிறான். இத்தனை நாள் என்னைப் பார்க்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செதில்வைத்தியன்

நேரத்தில் போனீர்கள், நல்லது. நானும் இந்தத் தொழில்தான், ஆனால் உங்கள் குட்டியை நேரில் பார்த்தவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. நான் விளக்கை மட்டும் விளக்குகிறேன்.

உணவில் கால்சியம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3யைப் பச்சோந்தி தன் தோலில் யூவிபி படும்போது தானே தயாரித்துக்கொள்ளும். யூவிபி இல்லையென்றால் இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வளரும் குட்டிக்கு இது வாரக்கணக்கில் தெரிந்துவிடும். தாடை ரப்பர் மாதிரி வளையும், முன்னங்கால் வில்லாகும், கிளையைப் பிடிக்கும் பிடி தளரும், நாக்கு பூச்சி வரை எட்டாமல் விழும். வளைந்த எலும்பு பிறகு நேராவதில்லை.

சுருள் பல்பின் வீச்சு குறுகலானது. பல்புக்கு நேர் கீழே ஒரு கையகலத்துக்கு யூவிபி கிடைக்கும், தள்ளினால் இல்லை. கூண்டின் அகலத்துக்கு வரும் நீள டி5 டியூப் வாங்குங்கள், ஊர்வனவற்றுக்கானது, 5 அல்லது 6 சதவீத வகை. வலைக்கு மேலே பொருத்தி, மேல் கிளையில் நிற்கும் குட்டியின் முதுகுக்கும் டியூபுக்கும் 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும். யூவி மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அந்தக் கிளையில் குறியீடு 3 அளவில் வருகிறதா என்று பாருங்கள். அங்கே 3, கீழே இலை நிழலில் கிட்டத்தட்ட பூஜ்யம். எவ்வளவு வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுமே என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடி யூவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், வெப்பத்தை மட்டும் உள்ளே விடும். கெட்டது வரும், நல்லது வராது. டியூபும் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே யூவிபியை இழக்கும். மீட்டர் இல்லாதவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வாங்கிய தேதியைப் பட்டைமேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

கண்ணாடித்தொட்டி

எல்லோரும் கண்ணாடியைப் போட்டு வறுக்கிறீர்கள். என் பேந்தர் வகைப் பச்சோந்தி 4 வருஷமாகக் கண்ணாடிக் கூண்டில்தான் இருக்கிறான், மூக்கில் ஒரு சளி கிடையாது. குளிர்காலத்தில் வலைக் கூண்டில் சூட்டையும் ஈரத்தையும் நிறுத்தி வைக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் எத்தனை பேர்! வலை என்றால் நல்லது, கண்ணாடி என்றால் எமன் என்று புதியவரிடம் சொல்வது சரியில்லை.

கிளைதாவி

ஏமன் பச்சோந்திக்கு எமன். உங்கள் சிலேடை இல்லாமல் இந்த இழை முடியாது என்று தெரியும்.

சரி, பேச்சுக்கு வருவோம். உங்கள் கூண்டின் முன்கதவுக்குக் கீழே காற்றுப் பட்டை இருக்கிறது, மேலே முழு வலை. மேலே விளக்குச் சூட்டில் காற்று ஏறிப் போகும், கீழிருந்து புதுக் காற்று உள்ளே வரும், புகைபோக்கி மாதிரி. அது கூண்டு. மீன் தொட்டியில் கீழே ஓர் ஓட்டைகூட இல்லை, ஈரக் காற்று கிணறு மாதிரி தேங்கும். தம்பிக்கு 80 சதவீதம் பகலிலேயே நின்றது அதனால்தான். சூடும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் நோய்க்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. குறட்டை மாதிரிச் சத்தம், வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி மூச்சு விடுவது, இதெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆக வலையா கண்ணாடியா என்பது வீட்டு அறையைப் பொறுத்தது. அறை குளிர்ந்து உலர்ந்ததென்றால் காற்றுப் பட்டை உள்ள கண்ணாடியோ, மூன்று பக்கம் பலகை அடைத்த கூண்டோ உதவும். அறை ஏற்கெனவே வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தால் வலைதான். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கண்ணாடித்தொட்டி

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். மீன் தொட்டியை நானும் ஆதரிக்கவில்லை.

இலைமறைகாய்

என் அறை உலர்ந்தது இல்லை, அதனால் வலைக் கூண்டு எடுக்கிறேன். 40 x 40 x 75 செ.மீ. குட்டிக் கூண்டா, நேராக 60 x 60 x 120 செ.மீ. பெரியதா? பெரியதில் விட்டால் குட்டி பூச்சியைக் கண்டுபிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும் என்று படித்தேன். உள்ளே எப்படி அமைப்பது என்றும் யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

கிளைதாவி

பெரியதை வாங்குங்கள். வளர்ந்த ஏமனுக்கு எப்படியும் அதுதான் வேண்டும், இரண்டு தடவை செலவு எதற்கு? பட்டினி கிடக்கும் என்பது பூச்சியைக் கூண்டில் அவிழ்த்து விட்டால்தான். கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் எந்த அளவுக் கூண்டிலும் சாப்பிடும். ஒரு சின்னப் பூச்சியைப் பத்து அடி தள்ளியிருந்தே பார்க்கிற மிருகம் அது.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு மேசையோ ஸ்டாண்டோ போட்டு, மேல் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி வையுங்கள். பச்சோந்திக்கு ஆபத்து என்றால் மேலேயிருந்து வரும் பறவை. நாம் மேலேயிருந்து குனிந்து பார்க்கும்போதெல்லாம் அதற்கு நாம் பருந்து. உயரத்தை மாற்றியதுமே பாதிப் பயம் போய்விடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆள் நடமாட்டம் குறைந்த மூலை, பின்பக்கமும் ஒரு பக்கமும் சுவர் அல்லது துணி.

கிளை விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்கள். கடையில் விற்கிற ஒரே தடிமன் கொடி அழகுக்குச் சரி. பச்சோந்திக் காலைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்து விரலும் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி மாதிரி இருக்கும். முன்காலில் வெளிப்பக்கம் இரண்டு, உள்பக்கம் மூன்று. பின்காலில் அதுவே தலைகீழ். அந்த இடுக்கி முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற பென்சில் தடிமன் சில, விரல் தடிமன் சில, வளர்ந்த பிறகு தேவைப்படும் கட்டை விரல் தடிமன் ஒன்றிரண்டு. பாதிக்கு மேல் கிடைமட்டமாக இருக்கட்டும், மீதி சாய்வாக ஏணிக்கு. ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் நடந்தே போக முடிய வேண்டும். வலையைப் பிடித்து ஏறுகிறது என்றால் கிளை போதவில்லை என்று பொருள், நகம் வலையில் மாட்டிக் கிழிந்துவிடும்.

வெயில் காயும் கிளை மேல்வலையிலிருந்து 25 செ.மீ. கீழே. அந்த வயதுக்கு அங்கே 28, 29 டிகிரி போதும். அதற்குக் கீழே போகப் போக 24, 23 என்று குறைய வேண்டும். விளக்கும் டியூபும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் டைமரில், 12 மணி நேரம். வெப்ப பல்புக்கு ஒரு டிம்மர் போட்டுக்கொண்டால் கோடையில் பல்பு மாற்றும் வேலை மிச்சம்.

தரைக்கு ஒன்றும் போடாதீர்கள். வெறும் தட்டு, தண்ணீர் வடிய ஓட்டை, கீழே ஒரு வாளி. மண் போட்டு அதில் சிறு பூச்சிகளை வளர்த்து எச்சத்தை மட்க வைக்கும் முறை எனக்கும் பிடிக்கும், ஆனால் அது இரண்டாவது வருஷத்துக்கு. இப்போது எச்சம் என்ன நிறம் என்று தினம் தெரிய வேண்டும். நாக்கில் ஒட்டிக்கொண்டு நார் வயிற்றுக்குள் போகிற கவலையும் இருக்காது.

தூறல்

செடி பற்றி நான். பிளாஸ்டிக் கொடியைத் தூக்கிப் போடுங்கள், ஏமன் பச்சோந்தி இலை தின்னும். கடித்துப் பார்க்கும், சில நாள் ஒரு இலையையே முடித்துவிடும். பிளாஸ்டிக் இலை வயிற்றில் அடைத்த கதைகள் உண்டு. நான் வைத்திருப்பது மணி பிளான்ட், ஃபைக்கஸ் பெஞ்சமினா, குடை மாதிரி இலை விரியும் ஷெஃப்லெரா, அப்புறம் ஒரு செம்பருத்தி. செம்பருத்திப் பூவைக் கையில் நீட்டினால் என் கிழவன் கோபத்தை மறந்து வந்துவிடுவான், அது ஒன்றுதான் எங்களுக்குள் இருக்கும் உறவு.

புதுச் செடியை அப்படியே வைக்காதீர்கள். இலையை இரு பக்கமும் கழுவி, பழைய மண்ணை உதறி, உரமும் பூச்சிமருந்தும் கலக்காத மண்ணில் மாற்றி நடுங்கள். மேலே வாயில் நுழையாத அளவுக் கூழாங்கல் பரப்புங்கள். கூண்டின் நடுப்பகுதி வெளியே இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரிய வேண்டும். மறைய இடம் இருக்கிற குட்டிதான் தைரியமாக வெளியே வரும். "ஆளையே காணோம்" என்று நீங்கள் தேடினால் கூண்டு சரியாக அமைந்துவிட்டது.

சாப்பாடு. சுவர்க்கோழி, அதாவது கிரிக்கெட் பூச்சி, குட்டியின் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்துக்கு மேல் பெரிதாக வேண்டாம். இந்த வயதில் தினமும், காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மொத்தம் பத்துப் பன்னிரண்டு. வெளியே தெரியாத ஆழமான கிண்ணம், உள்சுவரில் ஒரு துண்டு வலை ஒட்டினால் பூச்சி ஏறி வரும், அவன் மேலே நின்றே நாக்கை வீசுவான். மிச்சப் பூச்சியை மாலையில் எடுத்துவிடுங்கள். இரவில் தூங்கும் குட்டியைச் சுவர்க்கோழி கடிக்கும், கண்ணோரத்தைக்கூட.

பூச்சிக்கு நீங்கள் என்ன போடுகிறீர்களோ அதைத்தான் ராஜா சாப்பிடுகிறான். கேரட்டும் கீரையும் முந்தின நாளே பூச்சிக்குக் கொடுங்கள். டி3 கலக்காத கால்சியம் பவுடர் தினமும், திருநீறு பூசிய மாதிரி லேசாக, மாவில் புரட்டிய மாதிரி அல்ல. டி3யும் ஏ வைட்டமினும் உள்ள கலவை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும், மிஞ்சினால் நஞ்சு. பட்டுப்புழு, டூபியா கரப்பான் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். தோட்டத்தில் பிடித்தது வேண்டாம். முக்கியமாக மின்மினிப் பூச்சி. அதன் உடம்பில் இருக்கும் நஞ்சுக்கு ஒன்றே ஒன்று போதும், பல்லி வகைகள் செத்திருக்கின்றன.

ஓரமாய்நிற்பவன்

இவ்வளவு பாடுபட்டு வளர்த்தால் எத்தனை வருஷம் இருக்கும்? அப்புறம், இலைக்குள் விட்டால் பச்சையாகத்தானே மாறும், பிறகு பூச்சியைக்கூட அது பார்க்கும், நாம் அதைப் பார்க்க முடியாதே?

செதில்வைத்தியன்

ஏமன் வகை நல்ல கவனிப்பில் 5 முதல் 8 வருஷம், பெண் கொஞ்சம் குறைவு. இதையே குறைவு என்று நினைத்தால் மடகாஸ்கரில் லாபோர்டு பச்சோந்தி என்று ஒன்று இருக்கிறது. முட்டைக்குள் 8, 9 மாதம், வெளியே வந்த பிறகு 4, 5 மாதம், அதோடு சரி. வாழ்நாளின் பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும்.

நிறத்துக்கு: சுற்றியிருப்பதைப் பார்த்து அதே நிறத்துக்கு மாறும் என்பது பழமொழிக்குச் சரி, அரசியல்வாதிக்கும் சரி, பச்சோந்திக்குப் பொருந்தாது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பேந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து சொன்னார்கள். தோலின் சில செல்களுக்குள் குவானைன் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக நின்று நீலத்தைத் திருப்பி அனுப்பும், தோலின் மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். சிலிர்த்தால் இடைவெளி விரிந்து மஞ்சள், சிவப்புப் பக்கம் போகும். எதிரியைக் கண்டால், இணையைக் கண்டால், குளிர்ந்தால், பயந்தால், எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் உண்டு.

வளர்ப்பவருக்கு இது பயன்படும். காலையில் விளக்கு போட்டதும் ஒரு பக்கம் மட்டும் கறுத்துச் சூட்டை வாங்குவது இயல்பு. நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் எதுவோ சரியில்லை.

இலைமறைகாய்

12 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கூண்டை முதலில் வெறுமையாகவே நான்கு நாள் ஓடவிட்டு, எண்கள் சரியாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அவனை மாற்றினேன். மேல் கிளை 28.7, நடுவில் 25, கீழே 23. இரவு 20. ஈரம் பகலில் 45 வரை இறங்குகிறது, விடியற்காலையில் 85. யூவி மீட்டர் இரவல் கிடைத்தது, மேல் கிளையில் 2.9.

முதல் இரண்டு நாள் மணி பிளான்டுக்குள் போனவன் வரவே இல்லை. மூன்றாம் நாள் காலை, விளக்கு எரிவதற்கு முன் டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். தெளித்து முடித்து ஐந்து நிமிடம் இருக்கும். ஓர் இலையின் நுனியில் துளி கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கண் மட்டும் திரும்பியது. அடுத்த கண் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கால் முன்னால் வைத்து, காய்ந்த இலை ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடி, கழுத்தை நீட்டித் துளியில் வாயை வைத்தான். தொண்டை அசைந்ததை எண்ணினேன், பதினேழு தடவை. நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

இப்போது யூரேட் வெள்ளை. நேற்று 11 பூச்சி. பகலில் கண் மூடுவதே இல்லை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை எழுதுகிறேன், ஏறிக்கொண்டு வருகிறது. படம் போட்டிருக்கிறேன், பின்பக்கமிருந்து எடுத்தது, மன்னிக்கவும், முகம் காட்ட மாட்டேன் என்கிறான்.

ஒரு சந்தேகம். இரவுக்குப் புகைமூட்டம் கக்கும் ஃபாகர் வாங்கலாமா?

கண்ணாடித்தொட்டி

வாங்குங்கள், அருமையாக இருக்கும். எனக்கு விடியவிடிய ஓடுகிறது.

தூறல்

அவசரப்படாதீர்கள். இரவில் அறை 20க்குக் கீழே போகிறதா என்று முதலில் பாருங்கள், உங்களுக்கு அந்த எல்லையில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பில் மூட்டம் போட்டால் மறுபடி பழைய மீன் தொட்டிக் கதை. வெறும் தெளிப்பிலேயே உங்களுக்கு 85 வருகிறது, அது போதும். வாங்கினாலும் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், தொட்டியை வாரம் தவறாமல் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கிருமியை நாமே பொடியாக்கி மூக்குக்குள் ஊதுகிறோம். கூண்டில் கை வைத்துவிட்டு நீங்களும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊர்வன எதிலும் சால்மொனெல்லா இருக்கலாம்.

செதில்வைத்தியன்

இலைமறைகாய், பின்பக்கப் படம் போட்டதற்கு மன்னிப்பு வேண்டாம், நன்றிதான் சொல்ல வேண்டும். பின்காலின் குதிகாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண் ஏமனுக்குப் பொரித்த நாளிலிருந்தே அங்கே ஒரு சின்ன முள் மாதிரிப் புடைப்பு இருக்கும். உங்கள் ராஜாவுக்கு இரண்டு காலிலும் இல்லை.

ராஜா பெண்.

இது பெயரோடு முடிகிற விஷயம் இல்லை. ஆணையே பார்க்காவிட்டாலும் பெண் ஏமன் முட்டை போடும். ஆறு மாதத்தை ஒட்டி ஆரம்பிக்கலாம், சிலவற்றுக்கு அதற்கு முன்பே. தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும், அடைத்துக்கொண்டு செத்தும் போகும். ஒரு அடி அகலம், முக்கால் அடிக்கு மேல் ஆழமாக நிரப்பிய தொட்டி ஒன்றை இப்போதே கூண்டின் அடியில் வையுங்கள். கழுவிய விளையாட்டு மணல், ஈரப்படுத்தி விரலால் சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். தோண்ட ஆரம்பித்தால் கூண்டை மூன்று பக்கமும் துணியால் மூடிவிட்டு எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, மேல் கிளையை 27க்கு இறக்குங்கள். தின்னத் தின்னக் கொடுத்துச் சூடும் ஏற்றினால் முட்டை எண்ணிக்கை ஏறும், ஒவ்வொரு ஈடும் அவள் உடம்பைத்தான் உருக்கும்.

இலைமறைகாய்

விற்றவர் "கண்டிப்பாக ஆண், கொண்டையைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இப்போது உட்கார்ந்து குதிகாலைப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருக்கிறது. அவன், மன்னிக்கவும், அவள் ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் பூச்சிக் கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மணல் தொட்டி வைக்க அடியில் இருக்கும் ஷெஃப்லெராவை நகர்த்த வேண்டும். வடிகால் ஓட்டை இடது மூலையில் இருக்கிறது, தொட்டியை வலது மூலையில் வைத்தால் தெளிக்கிற தண்ணீர் மணலில் விழாது இல்லையா?

கிளைதாவி

விழாது. ஆனால் சொட்டு டம்ளரை இடது பக்கம் நகர்த்த மறக்காதீர்கள்.